ஸ்டீயரிங் கோணலுக்கு வீலைக் கழற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய லாரி வாங்குவோருக்காகத் தங்கள் நாளிதழில் வெளிவந்த யோசனைகளில் பெரும்பாலானவை சரி. ஒன்று மட்டும் தவறு, அதுவும் ஆபத்தான தவறு. வண்டி நேராக ஓடும்போது ஸ்டீயரிங் வீல் ஒரு பக்கம் சாய்ந்து நின்றால், வீலைக் கழற்றி, அது உட்காரும் தண்டில் ஒன்றிரண்டு பல் தள்ளி மாட்டினால் போதும் என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. நாமக்கல், சங்ககிரி பக்கம் பல பட்டறைகளிலும் இதைத்தான் செய்கிறார்கள். சீக்கிரம் முடிகிற வேலை, சாமான் எதுவும் வாங்க வேண்டாம், பார்த்தவுடன் வீல் நேராகத் தெரியும். ஆனால் கோணல் எங்கும் போய்விடவில்லை. கண்ணுக்குத் தெரிந்த இடத்திலிருந்து, வீலின் தண்டுக்கு அடியில் உள்ள பல்சக்கரப் பெட்டியான ஸ்டீயரிங் பாக்ஸுக்குள் போய்விட்டது, அவ்வளவுதான்.

டாடா 1210, 1612, 407, லேலண்ட் காமெட் போல முன்பக்கம் ஒரே துண்டு ஆக்சிலும் பட்டை ஸ்பிரிங்கும் உள்ள வண்டிகளைப் பற்றியே இங்கே எழுதுகிறேன். இவற்றில் வீலைத் திருப்பினால், பாக்ஸிலிருந்து தொங்கும் கையான டிராப் ஆர்ம் முன்னும் பின்னும் நகரும். அதன் முனையிலிருந்து டிராக் லிங்க் என்ற ராடு டிரைவர் பக்கச் சக்கரத்தின் ஸ்டீயரிங் ஆர்முக்குப் போகிறது. டிரைவர் பக்கச் சக்கரத்தையும் கிளீனர் பக்கச் சக்கரத்தையும் குறுக்கே இணைப்பது டை ராடு. இரண்டு ராடுக்கும் இரண்டு வேறு வேலை. டை ராடின் நீளத்தை மாற்றினால் டோ இன் மாறும், அதாவது இரண்டு முன் சக்கரமும் முன்பக்கம் எவ்வளவு உள்நோக்கி நெருங்கி நிற்கின்றன என்பது. டிராக் லிங்கின் நீளத்தை மாற்றினால், சக்கரம் நேராக இருக்கும்போது ஸ்டீயரிங் வீல் எங்கே நிற்கிறது என்பது மாறும். ஆகவே வீலை நேராக்கும் இடம் வண்டிக்கு அடியில் இருக்கிறது, கேபினுக்குள் இல்லை.

பாக்ஸுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்கலாம். உள்ளே குண்டுகள் ஓடும் வகை பாக்ஸில், டிராப் ஆர்மைத் திருப்பும் தண்டான செக்டார் ஷாஃப்டின் பற்கள் நட்டநடுவில் மட்டும் இறுக்கமாகக் கவ்வும்படி வெட்டப்பட்டிருக்கின்றன. இரண்டு ஓரங்களுக்கும் போகப் போகச் சிறிது இடைவெளி விடும். லாரி பெரும்பாலும் நேராகத்தான் ஓடுகிறது, அதனால் நடுப்பல்தான் அதிகம் தேயும். தேய்ந்தபின் பாக்ஸின் மூடியில் உள்ள திருகை இறுக்கும்போது ஓரங்களில் சிக்கக்கூடாது என்பதற்காக வைத்த இடைவெளி அது.

இப்போது வீலை மட்டும் திருப்பி மாட்டிய வண்டியைப் பாருங்கள். நேராக ஓடும்போது பாக்ஸ் நடுவில் இல்லை, தளர்வான இடத்தில் நிற்கிறது. ஓட்டுநருக்கு நேர்ச்சாலையிலேயே ஆட்டம் தெரியும். பட்டறைக்குக் கொண்டுவருவார், திருகை இறுக்கி ஆட்டத்தைப் போக்கிவிடுவார்கள். தளர்வான இடத்தில் வைத்து இறுக்கிய பாக்ஸ், வளைவில் நடுப்பல்லைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் பிடிக்கும். திருப்பத்திலிருந்து வீல் தானாகத் திரும்பி வராது. நடுப்பல் அளவுக்கு மீறி நசுங்கித் தேயும். கடைசியில் 'பாக்ஸ் போச்சு' என்று புதிய பாக்ஸ் வாங்கச் சொல்வார்கள். கோணல் அப்போதும் அப்படியே இருக்கும்.

இன்னொரு கெடுதலும் உண்டு. பாக்ஸ் நடுவில் இல்லாத வண்டி ஒரு பக்கம் முழுதாகத் திரும்பும், மறுபக்கம் குறைவாகத் திரும்பும். முழுத் திருப்பத்தில் ஆக்சிலில் உள்ள ஸ்டாப் போல்ட்டில் முட்டித்தான் சக்கரம் நிற்க வேண்டும். இந்த வண்டியில் அதற்கு முன்பே பாக்ஸின் உள்பாகம் முட்டி நிற்கும். பவர் ஸ்டீயரிங் என்றால் இன்னும் மோசம். பல பாக்ஸ்களில் திருப்பம் முடியும் தறுவாயில் எண்ணெய் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு இருக்கும். அது இரண்டு பக்கமும் ஸ்டாப்புக்குச் சற்று முன்னால் திறக்கும்படி வைக்கப்பட்டது. நடு தவறினால் ஒரு பக்கம் சக்கரம் ஸ்டாப்பில் முட்டிய பிறகும் வால்வு திறக்காது. முழு அழுத்தமும் ராடுகளிலும் பம்பிலும் விழும்.

அளவையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'கொஞ்சம்தானே சாய்ந்திருக்கிறது' என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். டிராப் ஆர்ம் 200 மி.மீ. நீளம், பாக்ஸின் விகிதம் 20-க்கு 1 என்று வைத்துக்கொண்டால், டிராக் லிங்கின் நீளத்தில் 1 மி.மீ. மாறினால் ஸ்டீயரிங் வீலில் ஏறக்குறைய 6 டிகிரி மாறும். லிங்கின் முனையில் மரையில் ஏறும் பால் ஜாயின்டான லிங்க் எண்டு மாற்றும்போது பழையது எத்தனை மரை உள்ளே இருந்தது என்று எண்ணாமல் புதியதை ஏற்றினால், 5 மி.மீ. வித்தியாசம் வருவது சாதாரணம். அதுவே வீலில் கிட்டத்தட்ட 30 டிகிரி. வீலின் ஸ்பிளைனில் (பல்வரிசையில்) 36 பல் இருந்தால் ஒரு பல்லுக்கு 10 டிகிரி. 4 டிகிரிக் கோணலை வீலைத் திருப்பி நேராக்கவே முடியாது.

சரி, கோணல் எதனால் வந்தது? எடுத்தவுடன் ஸ்பானரைத் தூக்காமல் இதைக் கண்டுபிடிப்பதில்தான் மெக்கானிக்கின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. முதலில் ஓட்டுநரிடம் கேட்க வேண்டியது, வீலை விட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, இல்லை வீல் சாய்ந்திருந்தாலும் நேராகவே போகிறதா என்பது. இழுத்தால் அது வேறு வியாதி. முன் டயர்களின் காற்று, ஒரு பக்கம் உரசும் பிரேக், தளர்ந்த வீல் பேரிங், சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னின் புஷ் தேய்மானம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இரண்டு முன் டயரையும் பக்கம் மாற்றிப் போட்டால் இழுவையும் பக்கம் மாறுகிறதா என்றும் பாருங்கள். மாறினால் குற்றவாளி டயர். நம் சாலைகள் தண்ணீர் வடிய இடப்பக்கம் சரிந்திருப்பவை, அதனால் இடப்பக்கம் லேசாக ஒதுங்குவது எல்லா வண்டிக்கும் இயல்பு. சமதளமான சாலையில் ஓட்டிப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யக்கூடாது.

இழுக்காமல், வீல் மட்டும் கோணல் என்றால், கடைசியாக என்ன வேலை நடந்தது என்று விசாரிக்க வேண்டும். லிங்க் எண்டு மாற்றினார்களா, டை ராடைத் தொட்டார்களா, பாக்ஸை இறக்கி ஏற்றினார்களா, பட்டை சேர்த்தார்களா? முன் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டால் சேஸிஸ் உயரும். டிராக் லிங்கின் ஒரு முனை சேஸிஸோடும் மறுமுனை ஆக்சிலோடும் இருப்பதால் லிங்கின் சாய்வு மாறி, வீல் தானாகத் திரும்பி நிற்கும். டிரைவர் பக்க ஸ்பிரிங் தொய்ந்தாலும் இதே கதைதான். பாக்ஸை இறக்கி ஏற்றிய வண்டி என்றால் டிராப் ஆர்மையும் செக்டார் ஷாஃப்டையும் பாருங்கள். இரண்டிலும் பஞ்ச் குறியோ கோடோ இருக்கும். ஒன்றுக்கொன்று நேராக இல்லாவிட்டால் ஆர்ம் பல் தவறி ஏறியிருக்கிறது. பெரிய பள்ளத்தில் விழுந்து எழுந்தபின் வந்த கோணலுக்கு, லிங்க் வளைந்திருக்கிறதா என்று ஒரு நேர்க்கம்பியை ஒட்டிவைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். லிங்கையே வளைத்துச் செய்திருக்கும் மாடல்களில் மட்டும் புது லிங்கோடு ஒப்பிட வேண்டும்.

பலர் பார்க்காமல் விடுவது பின் ஆக்சில். ஸ்பிரிங் கட்டின் சென்டர் போல்ட் முறிந்தாலோ, ஆக்சிலை ஸ்பிரிங்கோடு கட்டும் யூ போல்ட் தளர்ந்து ஆக்சில் நழுவினாலோ, பின் ஆக்சில் ஒரு பக்கம் முன்னாலோ பின்னாலோ போய்விடும். பிறகு வண்டி நண்டு மாதிரி ஒருக்களித்து ஓடும், அதை ஈடுகட்ட ஓட்டுநர் வீலைச் சாய்த்தே பிடிக்க வேண்டியிருக்கும். இரண்டு ஸ்பிரிங்குக்கும் இடையே 1 மீட்டர் என்றால், ஒரு பக்கம் 6 மி.மீ. நழுவுவதே ஸ்டீயரிங்கில் ஏறக்குறைய 7 டிகிரிக் கோணல். முன்னால் எதைச் சரிசெய்தாலும் இது தீராது, பின் டயர்களும் சேர்ந்து தேயும். பத்துச் சக்கர வண்டியில் பின் ஆக்சில்களை இடத்தில் பிடித்துவைக்கும் டார்க் ராடுகளின் புஷ்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கம்ப்யூட்டர் அலைன்மென்ட் இல்லாத ஊரிலும் இதை நூலால் கண்டுபிடிக்கலாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களைக் கண்ணால் பார்த்து நேராக வையுங்கள். பின் வெளி டயரின் பக்கச் சுவரில் முன்னும் பின்னும் இரண்டு இடத்தில் தொட்டபடி, ஹப் உயரத்தில், நூலை முன்னால் இழுத்து ஒரு ஸ்டாண்டில் கட்ட வேண்டும். இரண்டு பக்கமும் அப்படியே. முன் டயரில் நூல் இடித்தால், பின் டயரில் தொடும் இரண்டு இடத்திலும் ஒரே கனமான கட்டையை வைத்து நூலை வெளியே தள்ளலாம். இரு பக்கமும் அதே கனம் இருக்க வேண்டும். இப்போது முன் ஹப்பின் நடுவிலிருந்து நூலுக்கு உள்ள தூரத்தை இரண்டு பக்கமும் அளக்கவும். ஒன்றாக இருந்தால் பின் ஆக்சில் நேர். வித்தியாசம் இருந்தால், நூல் எந்தப் பக்கம் அதிகம் விலகி நிற்கிறதோ அந்தப் பக்கம் பார்த்துத்தான் பின் ஆக்சில் வண்டியைத் தள்ளுகிறது, ஸ்டீயரிங்கும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும். முதலில் சென்டர் போல்ட்டை மாற்றி, ஆக்சிலை உட்கார வைத்துவிட்டு மற்றதைப் பேசலாம்.

பின்பக்கம் சரி என்றால் அடுத்தது டோ இன். இதை முதலில் முடித்தாக வேண்டும், ஏனென்றால் டை ராடைத் தொட்டால் ஸ்டீயரிங் நடுவும் மாறும். சக்கரம் உருளும்போது டோ இரண்டு பக்கமும் பாதிப் பாதியாகப் பிரிந்துகொள்ளும். லிங்க் டிரைவர் பக்கச் சக்கரத்தில் இருப்பதால் அந்தப் பாதி வீலில் தெரியும். 10.00-20 டயரில் டோவை 8 மி.மீ. மாற்றினால் வீல் 4, 5 டிகிரி நகரும். அளக்கும் விதம்: முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, டயரைச் சுற்றவிட்டு, நடுவில் சாக்பீஸ் தடவி ஆணி முனையால் ஒரே கோடு போட வேண்டும். இறக்கி, வண்டியைச் சில அடி முன்னால் உருட்டி நிறுத்துங்கள். பின்னால் தள்ளக்கூடாது, தள்ளினால் இணைப்புகளின் ஆட்டம் எதிர்ப்பக்கம் போய் அளவு பொய்யாகும். பிறகு ஹப் உயரத்தில் கோட்டுக்குக் கோடு, முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு. முன்னால் எவ்வளவு குறைவோ அவ்வளவு டோ இன். எவ்வளவு வேண்டும் என்பதை அந்த மாடலின் கையேட்டிலிருந்து எடுங்கள். பொதுவாகச் சில மி.மீ.-க்குள் அடங்கிவிடும். டை ராடு ஆக்சிலுக்குப் பின்னால் இருக்கும் வண்டிகளில் ராடை நீட்டினால் டோ இன் கூடும்.

இனி பாக்ஸின் நடு. டிராப் ஆர்ம் முனையில் உள்ள லிங்க்கின் நட்டைப் பூட்டியிருக்கும் காட்டர் பின்னை எடுத்து, நட்டைத் தளர்த்தி, புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட்டு லிங்கைப் பிரிக்கவும். பால் பின்னின் மரை முனையில் சுத்தியலால் அடிக்கிற பழக்கத்தை விட வேண்டும்; மரை நசுங்கும், அடி பாக்ஸுக்குள்ளும் இறங்கும். பிரித்தபின் வீலின் விளிம்பில் டேப்பால் ஓர் அடையாளம் ஒட்டி, ஒரு பக்கம் கடைசிவரை மெதுவாகத் திருப்புங்கள். வேகமாகச் சுழற்றி முட்டவிட்டால் உள்ளே குண்டு ஓடும் குழாய் உடையும். அங்கிருந்து மறுமுனைவரை எத்தனை சுற்று என்று எண்ணவும். ஐந்தரைச் சுற்று என்றால் இரண்டே முக்கால் சுற்று திரும்பி வந்த இடம் நடு. அந்த இடத்தைக் கடக்கும்போது விரலில் லேசான இறுக்கம் தெரிய வேண்டும். ஷாஃப்டிலும் பாக்ஸிலும் குறி இருந்தால் அதோடும் ஒத்துப்போகும். மூடித் திருகில் ஆட்டத்தைச் சரிசெய்வது அவசியம் என்றால் அதற்கு ஏற்ற நேரம் இதுதான்: லிங்க் பிரிந்திருக்க வேண்டும், பாக்ஸ் நடுவில் நிற்க வேண்டும். வீல் விளிம்பில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்துப் பார்த்து, கையேட்டில் உள்ள இழுவைக்கு மேல் போகாமல் லாக் நட்டை இறுக்கவும்.

பாக்ஸ் நடுவில் இருக்கும்போது வீலின் ஆரக்கட்டைகள் சமமாக இருந்தால் வீலில் குற்றமே இல்லை, அதைத் தொடவே வேண்டாம். சமமாக இல்லாவிட்டால், முன்பு யாரோ திருப்பி மாட்டியிருக்கிறார்கள், அல்லது ஸ்டீயரிங் ஷாஃப்டின் யுனிவர்சல் ஜாயின்ட் பல் தவறி ஏறியிருக்கிறது. வீலைக் கழற்றி நேராக மாட்ட வேண்டிய ஒரே சந்தர்ப்பம் இது. பேட்டரி இணைப்பை எடுத்து, ஹார்ன் பட்டனைக் கழற்றி, நடு நட்டைத் தளர்த்துங்கள். முழுதும் எடுக்காமல் சில மரை விட்டுவைத்துப் புல்லர் போட வேண்டும். இல்லாவிட்டால் வீல் திடீரென்று விடுபட்டு முகத்தில் அடிக்கும். இண்டிகேட்டரைத் தானாக அணைக்கும் கேம் உள்ள வண்டிகளில் அதன் இடமும் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து டிராக் லிங்க். பாக்ஸ் நடுவில், முன் சக்கரங்கள் நேராக. நூலிலிருந்து இரண்டு முன் சக்கர ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் அளந்து, டோவின் பாதி இரு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். இந்த நிலையில் லிங்கின் பால் பின் டிராப் ஆர்மின் துளைக்குள் எதையும் தள்ளாமல் இழுக்காமல் தானாக இறங்க வேண்டும். இறங்கும்வரை எண்டைத் திருகி நீளத்தைச் சரிசெய்வதுதான் மொத்த வேலையும். ஒரு முனையில் வலமரையும் மறுமுனையில் இடமரையும் உள்ள லிங்க் என்றால் பிரிக்காமலே கிளாம்பைத் தளர்த்தி, குழாயைப் பைப் ரிஞ்சால் திருகலாம். வண்டி தரையில் நிற்பதால் சக்கரம் அசையாது, கேபினில் வீல்தான் நகரும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து சொல்லச் சொல்ல நிறுத்திக்கொள்ளலாம். பவர் ஸ்டீயரிங் வண்டியாக இருந்தாலும் அடியில் ஆள் இருக்கும்போது எஞ்சின் ஓடக்கூடாது.

நீளம் சரியானபின் அவசரப்படுவதில்தான் விபரீதம் வருகிறது. கிளாம்புக்கு அடியில் எண்டின் மரை போதுமான அளவு உள்ளே இருக்க வேண்டும். குழாயின் வெட்டுப்பிளவு வழியே மரை தெரியாவிட்டால் அந்த லிங்கை ஓட்டக்கூடாது. அவ்வளவு நீட்ட வேண்டியிருந்தால் வேறு எங்கோ கோளாறு இருக்கிறது, திரும்பப் போய்த் தேடுங்கள். இரண்டு பால் பின்னும் ஆடும் எல்லையின் நடுவில் நிற்கும்படி எண்டைத் திருப்பிவைத்துக் கிளாம்பை இறுக்கவும். கிளாம்ப் போல்ட் முழுத் திருப்பத்தில் ஸ்பிரிங்கிலோ ஆக்சிலிலோ உரசக்கூடாது. காட்டர் பின்னுக்காக மேலே பிளவு வெட்டிய கேசில் நட்டைச் சொன்ன அளவுக்கு முடுக்கியபின் துளை நேராக வராவிட்டால் இன்னும் சிறிது இறுக்கித்தான் துளையைச் சேர்க்க வேண்டும், தளர்த்திச் சேர்க்கக்கூடாது. காட்டர் பின் ஒவ்வொரு தடவையும் புதியது. பழைய பின்னை நிமிர்த்திப் போடுவதில் மிச்சமாகும் காசு ஒரு டீக்குக் காணாது.

இதற்கு மேலும் ஒரு அநியாயம் நடக்கிறது. மரை போதவில்லை என்று ஸ்டீயரிங் ஆர்மையோ லிங்கையோ காஸ் வைத்துப் பழுக்கக் காய்ச்சி வளைக்கிறார்கள். குழாயை வெட்டி வெல்டிங் வைக்கிறவர்களும் உண்டு. அந்த ஆர்ம் பதம் ஏற்றிய உருக்கு. காய்ச்சினால் பதம் போய்விடும், பிறகு எந்தப் பள்ளத்தில் முறியும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே துண்டு ஆக்சில் உள்ள இந்த வண்டிகளில் டிராக் லிங்கோ ஸ்டீயரிங் ஆர்மோ முறிந்தால் ஓட்டுநர் கையில் மிஞ்சுவது வெறும் வட்டம். வளைந்த சாமான் எதுவானாலும் மாற்றத்தான் வேண்டும், இதில் இரண்டாவது பேச்சே இல்லை.

எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) வண்டியைக் காட்டும் அவசரத்தில் வீலைத் திருப்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 98-ஆவது விதி, ஸ்டீயரிங் வீலில் ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக்கூடாது என்கிறது. 50 செ.மீ. குறுக்களவுள்ள வீலின் விளிம்பில் அது 13 செ.மீ. பால் ஜாயின்ட்களுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட்டும் பின்னும் கழன்றுவிடாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதும் அதே விதியில் உண்டு. வீலை அழகாக நேராக்கிக்கொண்டு போய், கிழிந்த ரப்பருக்காகத் திரும்பி வருவதில் என்ன பயன்?

முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷனும், பாக்ஸுக்குப் பதில் பல் வெட்டிய தண்டால் திருப்பும் ரேக் பினியனும் உள்ள சிறு பிக்கப்களுக்கு இதில் பாதி பொருந்தாது. அவற்றில் டிராக் லிங்க் கிடையாது. வீலை நேராகப் பூட்டிவைத்து, இரண்டு பக்க டை ராடையும் சம அளவில், ஒன்றைக் கூட்டி மற்றதைக் குறைத்துச் சரிசெய்ய வேண்டும். ரேக் நடுவில் இருந்தாக வேண்டும் என்பது மட்டும் அவற்றுக்கும் பொது.

வேலை முடிந்த வண்டியைக் காலியாக ஒரு தடவை, பாரத்தோடு ஒரு தடவை ஓட்டிப் பார்க்கவும். பாரத்தில் வீல் இரண்டு மூன்று டிகிரி நகர்ந்தால் கவலையில்லை. பளிச்சென்று நகர்ந்தாலோ, பிரேக் அடிக்கும்போது வெட்டி இழுத்தாலோ, முன் ஸ்பிரிங்கையும் யூ போல்ட்டையும் மறுபடி பாருங்கள். இறுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும், அது உட்காரும் இடத்தின் மேலும் சேர்த்து ஒரு கோடு பெயின்ட் இழுத்துவிட்டால், முதல் பார நடை முடிந்து வந்ததும் ஸ்பானர் இல்லாமலே கிளீனர் குனிந்து பார்த்துச் சொல்லிவிடுவார். யூ போல்ட்களை மட்டும் அந்த நடைக்குப் பிறகு இன்னொரு முறை முடுக்கியே ஆக வேண்டும்.

இப்படிக்கு,
கனரக வாகன மெக்கானிக்,
சங்ககிரி, சேலம் மாவட்டம்.